ஒரு பிரேதப் பரிசோதனை பாக்கி இருக்கிறது: அறிவியல் அகாதெமிகளுக்கு ஒரு திறந்த மடல்

டெல்லி, பெங்களூரு, அலகாபாத் ஆகிய ஊர்களில் இருக்கும் மூன்று தேசிய அறிவியல் அகாதெமிகளின் தலைவர்களுக்கும், உறுப்பினர் தேர்வுக் குழுக்களில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மருத்துவக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்தும்போது காலரா பாடம் வந்தால் இரண்டு கேள்விகளை அடுத்தடுத்துக் கேட்பேன். காலராக் கிருமியைக் கண்டவர் யார்? கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிடும்: “ராபர்ட் காக், சார்.” சரி, அந்தக் கிருமி சுரக்கும் நச்சைக் கண்டவர் யார்? அறை அமைதியாகிவிடும். சிலர் ஸ்லைடைப் பார்ப்பார்கள், சிலர் மின்விசிறியைப் பார்ப்பார்கள். போன முறை ஒரு மாணவி மட்டும் துணிந்து சொன்னாள்: “யாராவது வெள்ளைக்காரராகத்தான் இருக்கும், சார்.”

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. எம்.டி. படித்த காலத்தில் பாடநூலின் மேற்கோள் பட்டியலில் இரண்டே எழுத்தில் ஒரு குடும்பப் பெயர் அடிக்கடி கண்ணில் படும். ஆங்கிலத்தில் டி, இ. பிரெஞ்சுக்காரர்கள் பெயருக்கு நடுவில் போட்டுக்கொள்ளும் ஒட்டு என்று நினைத்துக்கொண்டேன். அச்சுக்கோத்தவர் மீதிப் பெயரை விட்டுவிட்டார் போலும் என்றுகூட ஒருமுறை தோன்றியது. பட்டம் வாங்கி, வேலையில் சேர்ந்து, நான்கைந்து ஆண்டுகள் கழித்து நூலகத்தில் பழைய இதழ்த் தொகுதி ஒன்றைப் புரட்டியபோதுதான் கட்டுரையின் அடியில் இருந்த ஊர்ப்பெயரைப் பார்த்தேன். கல்கத்தா. பிறகு ஒரு வங்காள நண்பர் உச்சரிப்பையும் திருத்தினார். ‘டி’யும் இல்லை, ‘டே’யும் இல்லை, தே. சம்புநாத் தே.

ஹூக்ளி மாவட்டத்தில் கரிபாட்டி என்ற சிற்றூரில் 1915 பிப்ரவரி 1 அன்று பிறந்தவர். 1939-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1947 முதல் 1949 வரை லண்டனில் சர் ராய் கேமரனிடம் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டத்தோடு திரும்பி வந்தார். அதன்பின் கல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் நோயியல் ஆசிரியர். காலையில் வகுப்பு, பகலில் மருத்துவமனையின் பிரேதப் பரிசோதனைகளும் பரிசோதனைக்கூட வேலையும், மீதி நேரத்தில் ஆராய்ச்சி. அரசு மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்த எவருக்கும் அந்த ‘மீதி நேரம்’ எவ்வளவு என்று தெரியும்.

காலராவைப் பற்றி அன்று என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைச் சொன்னால்தான் அவர் செய்தது விளங்கும். 1884-இல் காக் கல்கத்தாவில் வைத்துத்தான் அந்தக் கிருமியை உறுதிசெய்தார். (இத்தாலியின் பச்சினி 1854-இலேயே அதைப் பார்த்து எழுதிவிட்டார். அது இன்னொரு மறதி, அதற்கு இன்னொரு மடல் வேண்டும்.) கிருமி ஏதோ ஒரு விஷத்தைச் சுரக்கிறது என்று காக் அப்போதே ஊகித்திருந்தார். ஆனால் அடுத்த எழுபத்தைந்து ஆண்டுகள் அந்த விஷத்தை எவராலும் பிடித்துக் காட்ட முடியவில்லை. காரணம், தேடிய இடம் தவறு. விஷம் கிருமியின் உடலுக்குள் இருக்கிறது, கிருமி செத்து உடைந்தால் வெளிப்பட்டு இரத்தத்தில் கலந்து ஆளைக் கொல்கிறது, குடலின் உட்சவ்வையே உரித்துவிடுகிறது என்று பலரும் நம்பினார்கள். அதனால் கிருமியை விலங்கின் நாளத்தில் ஏற்றினார்கள், வயிற்றறைக்குள் செலுத்தினார்கள். விலங்குகள் செத்தன. ஆனால் ஒன்றுக்கும் காலரா வரவில்லை. நம் ஊர் நோயாளி “கழுநீர் மாதிரி போகிறது டாக்டர்” என்று சொல்வானே, அரிசி களைந்த தண்ணீர்போல, மலமே இல்லாத அந்தத் தண்ணீர், அது வரவில்லை.

காலராவில் இறந்தவர்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த சம்புநாத் தேக்கு, இறந்தவர் உடலில் நடந்ததெல்லாம் தண்ணீரும் உப்பும் இழந்ததன் விளைவு என்று பட்டிருக்க வேண்டும். அப்படியானால் விஷத்தை இரத்தத்தில் தேடுவானேன்? குடலுக்குள்ளேயே தேடலாமே.

1953-இல் அவரும் சட்டர்ஜி என்ற சக ஆய்வாளரும் வெளியிட்ட சோதனையை நான் வகுப்பில் கரும்பலகையில் வரைந்துதான் சொல்லுவேன். ஒரு முயலை மயக்கி, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் சில அங்குல நீளத்தை இரண்டு பக்கமும் பட்டு நூலால் கட்ட வேண்டும். கட்டிய அந்தத் துண்டுக்குள் காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட வேண்டும். இரத்த ஓட்டம் அப்படியே இருக்கும், குடல் உயிரோடு இருக்கும், ஆனால் உள்ளே போனது எங்கும் ஓட முடியாது. மறுநாள் திறந்து பார்த்தால் கிருமி போன துண்டு வாழைப்பூ மொட்டுப்போலப் பருத்து, அதே கழுநீரால் நிறைந்திருக்கும். கிருமி போடாமல் கட்டிய துண்டு சப்பையாகக் கிடக்கும். இவ்வளவுதான். ஒரு முயல், கொஞ்சம் நூல், ஓர் ஊசி. இன்று இதைச் செய்ய வேண்டுமானால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், வேண்டியதுதான். அந்த முயல்களின் கணக்கை நான் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் எழுபது ஆண்டுகளாக ஐரோப்பாவின் பெரிய கூடங்களால் ஒரு விலங்கில் நம்பகமாக உண்டாக்க முடியாத காலராவை, விரல் நீளக் குடலில் உண்டாக்கிக் காட்டியது அந்த நூல்தான். இதே போன்ற ஒரு முயற்சியை 1915-இல் இருவர் செய்து எழுதியிருந்தார்கள். அது எவர் நினைவிலும் இல்லை, தேயும் அதை அறிந்து செய்யவில்லை.

1956-இல் இதே முறையை வைத்து, வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலை கிருமிகளில் சிலவும் குடலைப் பருக்க வைக்கின்றன என்று காட்டினார்கள். குடலில் குடியிருக்கும் சாதுவான கிருமி என்று நினைத்திருந்ததில் சில விஷம் கக்குபவை என்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. குழந்தைகளின் பேதி, பயணம் போனவர்களின் பேதி பற்றி இன்று நாங்கள் நடத்தும் பாடத்தில் பாதி அங்கிருந்து கிளைத்தது.

பிறகு 1959. இந்த முறை கிருமியையே போடவில்லை. வளர்ந்த திரவத்தை வடிகட்டி, உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லாத வடிநீரை மட்டும் முயலின் குடல் துண்டில் செலுத்தினார். துண்டு பருத்தது. விஷம் கிருமியின் உடலில் இல்லை, உயிரோடு இருக்கும்போதே அது வெளியே சுரக்கிறது என்பது நிரூபணமாயிற்று. அந்த ஆண்டு மே மாதம் நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரை இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். அதே காலத்தில் பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தாவும் அவருடைய குழுவினரும் முயல் குட்டிகளை வைத்து விஷத்தின் தடத்தை எட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் புகழுக்காக இன்னொருவரை அழிப்பது என் நோக்கமில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1969-இல், அமெரிக்காவில் ஃபிங்கல்ஸ்டீன் அந்த நச்சைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்.

இதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மடல் திறந்த மடல், மற்றவர்களும் படிக்கிறார்கள்.

என் அப்பாயி காலத்தில் திருவிழாக் கூட்டத்துக்குப் போகிறவர்களைப் பிடித்துக் காலரா ஊசி போடுவார்களாம். கை வீங்கி இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்த கதையை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். “பேதியில் போக” என்பது அந்தத் தலைமுறைக்கு வெறும் வசவு இல்லை, கண்ணால் பார்த்த சாவு. 1894-இல் கிருமியியலாளர் ஹாஃப்கின் கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் போட்டுப் பார்த்த காலத்திலிருந்து காலராவுக்கு ஊசி இருந்தது. ஆனால் பின்னாளில் முறையாகச் சோதித்தபோது, அது சுமார் பாதிப் பேரைத்தான் காத்தது, அதுவும் சில மாதங்களுக்குத்தான். 1973-இல் உலக சுகாதார சபை, பன்னாட்டுப் பயணத்துக்குக் காலரா ஊசிச் சான்று கேட்கும் விதியையே எடுத்துவிட்டது.

ஏன் பலிக்கவில்லை? கையில் குத்திய ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. எதிரியோ இரத்தத்துக்குள் வருவதே இல்லை. அது குடலின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு வெளியிலிருந்தே விஷத்தை விடுகிறது. வாசலில் நிற்கும் திருடனுக்கு அடுக்களையில் காவல் போட்ட கதை. குடலின் மேற்பரப்புக்கென்று உடல் தனியாக ஒரு காவலை வைத்திருக்கிறது. அந்தச் சவ்விலேயே சுரக்கும் ஐஜிஏ வகை எதிர்ப்பொருள் அது. அதைத் தட்டி எழுப்ப மருந்து வாய்வழியாகப் போனால்தான் சரிப்படும். காலரா முழுக்க முழுக்க குடல் மேற்பரப்பில் நடக்கும் போர் என்பதைக் கட்டிய நூலால் காட்டியவர் தே. அந்த நச்சில் ஐந்து துண்டுகள் சேர்ந்த ஒரு வளையம் செல்லைப் பற்றிக்கொள்ளும், நடுவில் இருக்கும் ஒரு துண்டு உள்ளே போய்ச் செல்லின் உப்புக் கதவைத் திறந்துவிட்டு மூட விடாமல் செய்யும். தீங்கில்லாத அந்த வளையத்தை மட்டும் கொல்லப்பட்ட கிருமியோடு சேர்த்து வாய்வழித் தடுப்பு மருந்தாக்கினார்கள் சுவீடனைச் சேர்ந்த ஹோம்கிரனும் ஸ்வென்னர்ஹோல்மும். 1985-இல் வங்கதேசத்தின் மட்லப்பில் அது பெரிய அளவில் சோதிக்கப்பட்டது.

இங்கே ஒரு வேடிக்கையையும் மறைக்காமல் சொல்கிறேன். பிறகு ஹைதராபாத்தில் தயாராகி, 2006 முதல் கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் சோதிக்கப்பட்டு, 2009-இல் உரிமம் பெற்ற மலிவு விலை வாய்வழி மருந்தில் அந்த நச்சு வளையம் இல்லை. கொல்லப்பட்ட கிருமியே போதும் என்றாயிற்று. ஐந்து ஆண்டுகளுக்குச் சுமார் 65 விழுக்காடு காப்பு கிடைத்தது. ஆக, தேயின் நச்சு ஒவ்வொரு சொட்டு மருந்திலும் இருக்கிறது என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதினால் அது பொய். அவர் கொடுத்தது பொருளை அல்ல, இடத்தை. எங்கே தேட வேண்டும் என்பதை. உப்பு சர்க்கரைக் கரைசலுக்கும் இது பொருந்தும். 1971-இல் மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலநாபிஸ் அந்தக் கரைசலைக் கொடுத்து, 30 விழுக்காடாக இருந்த இறப்பை நான்குக்கும் கீழே கொண்டுவந்தார். குடல் சவ்வு உரிந்துபோயிருந்தால் கரைசல் எதன் வழியாக உள்ளே போகும்? சவ்வு முழுசாக இருக்கிறது, சுரப்புதான் கட்டுமீறிப் போயிருக்கிறது என்பதால்தான் அது வேலை செய்கிறது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

தே 1985 ஏப்ரல் 15 அன்று இறந்தார். 1959-இலிருந்து கணக்கிட்டால் இருபத்தாறு ஆண்டுகள். அந்த இருபத்தாறு ஆண்டுகளில் உங்கள் மூன்று அகாதெமிகளில் ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கவில்லை. நாட்டின் பெரிய அறிவியல் விருது எதுவும் அவருக்கு வரவில்லை. 1978-இல் ஸ்டாக்ஹோமிலிருந்து நோபெல் அறக்கட்டளையின் காலரா கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. பணி ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்த அவர் அங்கே போய்ப் பேசினார். 1960-களின் தொடக்கத்திலேயே தான் இறந்துவிட்டதாகவும், இந்தக் குழு தன்னைத் தோண்டி எடுத்திருப்பதாகவும், இந்த இரண்டு நாட்களில் உயிர் திரும்புவதுபோல் இருப்பதாகவும் சொன்னார். நோபெல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அவரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை நோபெல் பரிசுக்குப் பரிந்துரைத்ததை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். எழுதிய இடம் எது தெரியுமா? பெங்களூரிலிருந்து வரும் கரன்ட் சயின்ஸ் இதழ், 1990-இல் தேயைப் பற்றி வெளியிட்ட சிறப்பிதழ். உங்களில் ஓர் அகாதெமியின் ஒத்துழைப்போடு வெளிவரும் இதழ் அது. அகாதெமிகள் அவரைச் சேர்க்காமல் விட்டது நம் காலத்தின் அப்பட்டமான விடுபடல்களில் ஒன்று என்று உயிர்வேதியியலாளர் பத்மநாபன் பலராம் அதில் எழுதினார். குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று, நல்லது. விசாரணை நடந்ததா?

அதைத்தான் கேட்கிறேன். சிலை வேண்டாம், தபால்தலை வேண்டாம், ஆண்டுதோறும் ஒரு நினைவுச் சொற்பொழிவும் தேநீரும் வேண்டாம். அவர் பெயரில் ஒரு விருதை உண்டாக்கி அதை உங்களுக்குள் ஒருவருக்கே கொடுத்துக்கொள்ளவும் வேண்டாம். தே ஒரு நோயியல் ஆசிரியர். ஆள் இறந்துவிட்டால் ஏன் இறந்தார் என்று அறுத்துப் பார்த்து, உறுப்பு உறுப்பாக எடை போட்டு, கண்டதை எழுதிக் கையெழுத்திடுவது அவர் தொழில். அவர் விஷயத்தில் அதுதான் நடக்கவில்லை.

நோபெல் குழு ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தன் பரிந்துரைப் பட்டியல்களைத் திறந்துவிடுகிறது. யார் யாரைச் சொன்னார்கள் என்பதை எவர் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்களும் திறந்து காட்டுங்கள். 1959-க்குப் பிறகு உங்கள் கூட்டக் குறிப்பேடுகளில் சம்புநாத் தே என்ற பெயர் ஒருமுறையாவது வந்ததா? வந்திருந்தால் யார் முன்மொழிந்தார், யார் என்ன சொல்லித் தள்ளினார்? வரவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். இரண்டும் ஒரே நோய் இல்லை. பெயர் வந்து தள்ளப்பட்டது என்றால், மதிப்பிட்டவர்களின் கணிப்பு பிழைத்தது. அது மனிதருக்கு நேர்வது. பெயர் வரவே இல்லை என்றால், கோளாறு வாசலில் இருக்கிறது. பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் ஒருவர் கைகாட்டினால்தான் உங்கள் வாசலில் ஓர் ஆள் நிற்கவே முடியும். மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, பிணம் அறுத்துக்கொண்டு, கருத்தரங்குகளில் கை குலுக்காமல் இருந்த ஓர் ஆளுக்கு அந்தக் கை எங்கிருந்து வரும்?

என் ஊகம் இரண்டாவது. ஊகம்தான், அறுத்துப் பார்க்காமல் காரணம் எழுதுகிற வழக்கம் எங்கள் துறையில் இல்லை.

உங்களில் டெல்லிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அகாதெமி 1935-இல் தொடங்கப்பட்டதே கல்கத்தாவில்தான். பெங்களூர்க்காரர்களுக்கு இன்னொன்று. உங்களை 1934-இல் நிறுவிய சர் சி.வி. ராமன், கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே பௌபஜாரில் இருந்த ஆய்வுக்கூடத்தில் அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் சோதனை செய்தவர். திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் பிறந்த அந்த மனிதரைப் பற்றி எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். பௌபஜாரிலிருந்து தேயின் மருத்துவக் கல்லூரி இருந்த கல்லூரித் தெருவுக்கு நடந்தே போய்விடலாம். மீதி நேரத்து ஆராய்ச்சிக்காரர் ஒருவர் கட்டிய வீட்டில், இன்னொரு மீதி நேரத்து ஆராய்ச்சிக்காரருக்கு ஒரு நாற்காலி கிடைக்கவில்லை என்பதை ராமன் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் கோபம் பிரசித்தம்.

இது பழங்கதை இல்லை என்பதற்காக ஒரே ஒரு சொந்த விஷயம். நான் முன்பு வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் துணைப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். வார்டில் தங்கும் நோயாளிகளின் வயிற்றுப்போக்கை மட்டும் ஆறு ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு கிருமியையும் ஒரு சிறு குப்பியில் உறைநிலையில் சேமித்து வைத்திருந்தார். குப்பி ஒவ்வொன்றிலும் தேதியும் எண்ணும் அவர் கையெழுத்திலேயே இருக்கும். ஒரு கோடையில் மின்சாரம் போய், ஜெனரேட்டரைப் போட ஆள் வராமல், உறைபெட்டி இரண்டு நாள் நின்றுவிட்டது. திங்கட்கிழமை திறந்தபோது மை கலங்கி எண்கள் வழிந்திருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. துணியை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். இப்போது பதவி உயர்வுக்கு எத்தனை கட்டுரை வேண்டுமோ அத்தனையை எழுதிக்கொண்டிருக்கிறார், வேறு எதுவும் செய்வதில்லை. அவர் இன்னொரு தே என்று சொல்ல வரவில்லை. அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க உங்களில் எவரும் எந்த அரசு மருத்துவக் கல்லூரியின் பின்கட்டுக்கும் வந்து நான் பார்த்ததில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் இணையதளங்களில் குறிப்பேட்டுப் பக்கங்களைப் படம் எடுத்துப் போட்டால் போதும். 1959 முதல் 1985 வரை, ஆண்டுக்கு ஒரு தேர்வுக் கூட்டம் என்று வைத்தாலும் ஓர் அலமாரித் தட்டில் அடங்கிவிடும். அடுத்த வாய்மொழித் தேர்வுக்கு முன்பு வந்தால் மாணவர்களுக்கும் காட்டுவேன்.

இப்படிக்கு,
மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்